விட்டுவிடச் சொன்ன கடுவன்

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. ஆனாலும் இந்தக் கடற்கரை ஊரின் கால்நடை மருந்தகத்தில் என் ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. நானே எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓர் ஆட்டுப் பண்ணைக்குப் போகிறேன். அங்கே ஆடுகளுக்குப் பெயர் கிடையாது. காதில் எண் மட்டும் இருக்கும். எனக்கு இப்போது அதுதான் வேண்டும்.

புதிதாகப் பணியில் சேரும் உங்களில் ஒருவர் என் நாற்காலியில் உட்காரப் போகிறார். மருந்து இருப்பும் முகாம் விவரமும் பதிவேட்டில் இருக்கின்றன. அதில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் அய்யாவும் அம்மாவும் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் பிறர் வயலில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் காலெடுத்து வைத்தவள் நான். இந்த மருந்தகத்தில் என் பெயர்ப்பலகை மாட்டிய வாரம் அய்யா இரண்டு பஸ் மாறி வந்தார். பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எது ஒம் பேரு, எது படிப்பு?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. நடந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதால்தான் சொல்கிறேன்.

ஒரு பூனையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், அதற்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி. பணியில் சேர்ந்த முதல் வருடம் உள்கிராமம் ஒன்றில் இருந்து அழைத்தார்கள். கன்று எச்சில் வடித்துக்கொண்டு, விழுங்க முடியாமல் நின்றது. "பனங்கொட்டை மாட்டியிருக்கும் டாக்டரம்மா" என்றார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன். கையுறை போடாமல் முழங்கை வரை அதன் தொண்டைக்குள் கைவிட்டுத் துழாவினேன். கொட்டை எதுவும் இல்லை. மூன்றாம் நாள் கன்று செத்தது. வெறிநோய். ஒரு மாதத்துக்கு முன் தெருநாய் கடித்ததை அப்புறம்தான் சொன்னார்கள். நான் ஊசி போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் கையை நீட்டும்போது, அய்யா என்னைப் படிக்க வைத்தது இப்படிச் சாகவா என்று தோன்றியது.

எச்சில் வடிக்கும் விலங்கின் வாயில் கைவைக்காதே. இது நான் கற்ற பாடம். நல்ல பாடம்தான். ஆனால் பயந்து கற்ற பாடத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

போன வருடம், ஒரு திங்கட்கிழமை காலை, ஆமினா வந்தாள். என் வயதுதான். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். மாமியாரோடு இருக்கிறாள். அப்போது ஏழு மாதக் கர்ப்பம். துண்டில் சுற்றி ஒரு வெள்ளைப் பூனையைக் கொண்டு வந்திருந்தாள். பெயர் சீனி. கழுத்திலும் தாடைக்குக் கீழும் பல் பதிந்த காயங்கள்.

"ஒரு கடுவன் பூனை வருது டாக்டரம்மா. மஞ்சக் கலரு. பாதிக் காது கெடையாது. ஒரு மாசமா இதே வேலை. மொட்டை மாடி வழியா இறங்கி அடுப்படிக்கே வந்து இதப் போட்டுக் கடிக்கிது. இது நாலாவது தடவ."

"விரட்ட மாட்டீங்களா?"

"வெளக்கமாத்தக் காட்டுனா நம்மளயே மொறைக்கிது. எங்க மாமி சொல்லுறாக, இந்த வீட்டுல ஆம்பள இல்லன்னு அதுக்கும் தெரிஞ்சு போச்சாம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சீனிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. வீட்டை விட்டே போகாத பூனைக்கு எதற்கு என்று விட்டிருக்கிறார்கள். அன்று அதற்குக் காய்ச்சல் இருந்தது. காயம் ஆறட்டும், பிறகு போடலாம் என்றேன். ஐந்து நாள் வந்து மருந்து ஊசி போட வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டு நாள் வந்தாள். சீனி தேறிவிட்டதாக நினைத்து அப்புறம் வரவில்லை.

கடுவனைப் பிடிக்க மருந்தகத்துக் கூண்டைக் கொடுத்து அனுப்பினேன். புதன்கிழமை ஆமினாவின் அண்ணன் கபீர் தன் ஆட்டோவில் கூண்டோடு வந்தார். நெத்திலிக் கருவாடு வைத்துப் பிடித்ததாகச் சொன்னார். இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். இந்த ஊரில் ஆண்கள் எல்லாரும் காக்காதான், காக்கை மட்டும்தான் பறவை என்று முதல் மாதம் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கூண்டுக்குள் அந்தக் கடுவன் உறுமியது. நன்றாகக் கொழுத்த உடம்பு. தெளிந்த கண். கூண்டுக்குள்ளேயே மிச்சக் கருவாட்டைத் தின்று முடித்திருந்தது. வெறி பிடித்த பூனை இப்படி இருக்காது. இது இடத்துக்காகச் சண்டை போடும் ஆண் பூனை, அவ்வளவுதான் என்று சொன்னேன். நான் சொன்னது சரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அன்று நான் சொன்னது சரி.

மறுநாள் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். மூன்று ஊர். நான் ஒருத்தி. கடுவனுக்குக் கருத்தடை அறுவை செய்யவோ வைத்துப் பராமரிக்கவோ நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"என்ன டாக்டரம்மா செய்ய?" என்றார் கபீர்.

"வழக்கமா என்ன செய்வீங்க?"

இந்தப் பக்கம் யாரும் பூனையைக் கொல்ல மாட்டார்கள். பாவம். தொல்லை தாங்காவிட்டால் சாக்கில் கட்டி, வழி மறக்கட்டும் என்று சாக்கை மூன்று சுற்றுச் சுற்றி, மீன் இறங்கும் இடம் எதிலாவது விட்டுவிட்டு வருவார்கள். அங்கே அதற்குச் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. தண்ணீரைத் தாண்டி விட்டால் திரும்பவே வராது என்பார்கள்.

"அப்ப அப்படியே செய்யுங்க" என்றேன்.

மருந்தக உதவியாளர் பாண்டியம்மா அப்போது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கருவாட்டுக் களத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். பூனைகளை என்னைவிட அதிகம் பார்த்தவர்.

"கடிச்ச பூனையாச்சேம்மா. பத்து நாளு கூண்டுலயே கெடக்கட்டுமே. நான் மீனு போட்டுக்கிறேன். நாயின்னா அப்படித்தான வச்சுப் பாக்கச் சொல்லுவீக."

அது எனக்குத் தெரியாத விஷயமா? கடித்த விலங்கைப் பத்து நாள் பார்க்க வேண்டும், பத்து நாளும் நன்றாக இருந்தால் அந்தக் கடியில் வெறிநோய் இல்லை. முதல் வருடப் பாடம். எனக்குத் தெரிந்ததை, எட்டாவதோடு நின்றவர், ஒரு வெளியாளின் முன்னால் எனக்கு எடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்கு வெறி இல்லை. நான்தான் பாத்துட்டேன்ல" என்றேன்.

"சரிம்மா" என்று அவர் மேசையைத் துடைத்தார்.

கபீர், "பாலம் தாண்டி விட்டுட்டு வாரேன் டாக்டரம்மா. ராமேஸ்வரத்து மீனு தின்னு கொழுக்கட்டும்" என்று கிளம்பினார். எங்கே விடப்போகிறார் என்று சரியாகக் கேட்டு ஒரு வரி எழுதி வைத்திருந்தால்கூடப் போதும். எழுதவில்லை. மாலையில் காலிக் கூண்டு திரும்பி வந்தது.

அடுத்த திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கபீர் ஆட்டோவில் வந்து, "லேசா வந்து பாருங்க டாக்டரம்மா" என்றார். லேசா என்ற வார்த்தையைச் சொன்ன விதத்தைக் கேட்டதும் மருந்துப் பையோடு ஆமினா வீட்டுக்குக் கிளம்பினேன்.

சீனி கட்டிலுக்கு அடியில் மூலையில் ஒடுங்கி இருந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்து தரையில் தேங்கியிருந்தது. நான் குனிந்ததும் அடிக்குரலில் உறுமியது. பால் கிண்ணத்தை நகர்த்தக் கைநீட்டிய ஆமினாவை அன்று காலையில் கடித்திருந்தது. வலது கைக் கட்டைவிரலில் இரண்டு ஓட்டைகள். ஆமினா அதில் மஞ்சள் வைத்திருந்தாள்.

எனக்குக் கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. கடுவன் ஒரு மாதமாகத் தாக்கியிருக்கிறது, முதல் கடி ஒரு மாதத்துக்கு முன்னால், நாள் கணக்கு பொருந்துகிறது என்று என் மண்டைக்குள் ஓடியது. அந்த வாயின் பக்கம் என் கை போகவில்லை.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் குழாயடியில் கால்மணி நேரம் கழுவச் சொன்னேன். கழுவினாள். பிறகு, இன்றே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்க்கு ஊசி போட்டுக்கொள் என்றேன்.

"வயித்துல பிள்ள இருக்கு டாக்டரம்மா."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. கர்ப்பமா இருக்கவங்களுக்கும் போடற ஊசிதான்."

"சீனிக்கு வெறி இருக்குதா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா? அந்தக் கடுவனுக்கு வெறி இல்லன்னு நீங்கதான சொன்னீக. காக்கா வந்து சொன்னாக. அதுக்கு இல்லாதது இதுக்கு எங்கனருந்து வரும்?"

அவளுடைய மாமியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, உசுரு ரெண்டு இருக்கு. பூனைக்காவப் பாக்குற நேரமா?" என்றார். ஆமினா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சீனிக்கு ஒண்ணும் இல்லன்னா நான் எதுக்கு மாமி பிள்ளையோட ஊசி குத்திக்கிறணும்? முன்னாடி ஒண்ணு நாலாம் மாசத்துல போச்சு. சாதாரணக் காச்சலுக்கு ஒரு ஊசி போட்டேன், மறுநாளு போச்சு. எனக்குத்தான் தெரியும்."

அந்த ஊசிக்கும் அந்த இழப்புக்கும் தொடர்பு இல்லை என்று எடுத்துச் சொன்னேன். படித்தவர்கள் சொல்லும் எல்லா வார்த்தைகளையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை.

இப்போது எல்லாம் அந்தக் கடுவன் கையில் இருந்தது. அது உயிரோடு, நல்லபடியாக இருப்பதைப் பார்த்துவிட்டால் சீனிக்கு வந்திருப்பது வேறு ஏதோ நோய். அது செத்துக் கிடந்தால் ஆமினா அந்த நிமிடமே ஊசிக்குப் போவாள். செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கபீரின் ஆட்டோவில் பாம்பன் பாலத்தைத் தாண்டினேன். மீன் இறங்கும் இடங்களில், ஐஸ் பெட்டி அடுக்குகளுக்கு நடுவில், வலை காயும் மணலில், பாதிக் காதுள்ள மஞ்சள் கடுவனைத் தேடினோம். மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன்.

"மஞ்சப் பூனையா? நூறு நிக்கிது. எது வேணும்னு பாத்து எடுத்துக்கிருங்க" என்றாள் ஒருத்தி.

"புருசனத் தேடி வர்ற பொம்பளைகளப் பாத்திருக்கேன். பூனையத் தேடி டாக்டரு வர்றத இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். கபீர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். களைப்பு என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை. ஆமினா இன்னும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. நான் யோசித்தது இதுதான். சீனியைக் கூண்டில் வைத்துப் பத்து நாள் பார்க்கலாம். ஆனால் அந்தப் பத்து நாளும் ஆமினா, சீனி பிழைத்துவிடும் என்று காத்திருப்பாள். அது எட்டாம் நாள் செத்தால் ஆமினாவுக்கு எட்டு நாள் போயிருக்கும். சீனி உயிரோடு இருக்கும்வரை அவள் ஊசி போடப் போவதில்லை. நான் அப்படித்தான் முடிவு செய்தேன். இன்றும் அந்த முடிவின் எந்த வார்த்தையைத் தவறு என்று அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நானும் பாண்டியம்மாவும் கூண்டோடு போனோம். ஆமினாவிடம் சொன்னேன். "வெறிதான். சீனி இனிமே பிழைக்காது. வலி இல்லாம அனுப்பிடறேன். நீ இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

இருக்கலாம் என்று சொல்லவில்லை. வெறிதான் என்று சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க படிச்சவுக. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் மயக்க ஊசி. கொஞ்ச நேரத்தில் சீனியின் உடம்பு தளர்ந்தது. தாடை தொங்கியது. பாண்டியம்மா உறை போட்ட கையால் அதன் தலையை நிமிர்த்திப் பிடித்தவர், அப்படியே நின்றார்.

"அம்மா. இங்கன பாருங்க."

தாடைக்குக் கீழே, பழைய பல் காயம் மூடிய இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். அவர் விரல் பட்டதும் அமுங்கியது. உள்ளே சீழ்.

பூனைக் கடியின் மேல்தோல் சீக்கிரம் மூடிவிடும். உள்ளே சீழ் வைக்கும். தாடையில் வைத்தால் பூனை சாப்பிடாது, எச்சில் வடிக்கும், ஒடுங்கி உட்காரும், தொட்டால் கடிக்கும். இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். திங்கட்கிழமையே மயக்கம் கொடுத்து இந்த இடத்தைப் பார்த்திருந்தால் கீறிச் சீழை எடுத்திருக்கலாம். கன்றுக்குட்டிக்குப் பயந்து நான் அந்த வாயின் பக்கமே போகவில்லை.

சீழ் இருப்பதால் வெறி இல்லை என்று ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாடப்படி அதுவும் சரி. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் ஆமினா புடவை மாற்றும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இப்போது வெளியே போய், பொறு, இன்னும் தெரியவில்லை என்று சொன்னால் அவள் திரும்ப உட்கார்ந்துவிடுவாள். வெறிதான் என்று வேறு சொல்லிவிட்டேன். சொன்னதை மாற்ற என் வாய் எழவில்லை. அது அவள் உயிருக்காகவா, என் வார்த்தைக்காகவா என்று இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"பிடிங்க" என்றேன் பாண்டியம்மாவிடம். அவர் பிடித்தார். இரண்டாவது ஊசியைப் போட்டேன்.

தலையை எடுத்து வெறிநோய் ஆய்வுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. அந்த வீட்டில் வைத்து அதைச் செய்ய மனம் வரவில்லை என்று அப்போது நினைத்தேன். முடிவு தெரிந்துவிடுமே என்பதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். சீனியைச் சுண்ணாம்பு போட்டுக் கொல்லையில் ஆழமாகப் புதைத்தோம். ஆமினா அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டாள். அடுத்தடுத்த ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொண்டாள்.

கடுவனைப் பிடித்த நாளிலிருந்து பதினாறாவது நாள், வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து கபீர் மருந்தகத்துக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அது வந்துருச்சு டாக்டரம்மா. தங்கச்சி வீட்டு மதில்ல ஒக்காந்திருக்கு."

 

"பாலம் தாண்டி எப்படி வரும்?" என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் பாலம் தாண்டல. பாதி வழில ஒரு சவாரி கூப்பிட்டாக. மண்டபம் ஊருக்கு இங்கிட்டே ஒரு ஐஸ் கம்பெனி ஓரத்துல விட்டுட்டு வந்துட்டேன். பாலம் தாண்டுனேன்னு சொன்னா எல்லாருக்கும் மனசு ஆறும்னு சொன்னேன். நீங்க அங்கன தேடுனீகள்ல, அன்னைக்குச் சொல்ல வாயி வரல. அன்னைக்குச் சாயங்காலமே நான் மட்டும் ஐஸ் கம்பெனிக்குப் போயித் தேடுனேன். அல்லா மேல ஆணையா, அங்கனயும் இல்ல."

நான் அவரைத் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது?

போய்ப் பார்த்தேன். மதிலின் மேல் வெயிலில் காலை நீட்டிப் படுத்திருந்தது. பாதிக் காது. கொஞ்சம் மெலிந்திருந்தது. என்னைப் பார்த்து உறுமிவிட்டுத் தன் பாதத்தை நக்கியது. சீனியைக் கடித்த நாட்களில் அதற்கு வெறி இருந்திருந்தால் எப்போதோ செத்திருக்கும். பதினாறு நாளுக்குப் பின்னும் அது நக்கிக்கொண்டிருந்தது.

ஆமினாவுக்குப் பெண் குழந்தை. நல்ல எடை, சுகப் பிரசவம். நாற்பது நாள் கழித்து அவள் மருந்தகத்துக்கு வந்தாள். கபீர் பின்னால் கூண்டைத் தூக்கி வந்தார். உள்ளே அந்தக் கடுவன்.

"இதுக்கு ஊசி போட்டு, ஆப்பரேசனும் செஞ்சு விடுங்க டாக்டரம்மா. எங்க மதில்லயேதான் கெடக்கு. கல்லெடுத்து எறிய மனசு வரல. வேற தட்டு இல்ல, சீனி தட்டுலதான் வைக்கிறேன்."

பதிவேட்டைத் திறந்தேன். பூனையின் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"பேரு வைக்கல" என்றாள். பிறகு, குத்திக்காட்டும் குரலே இல்லாமல், ஒரு நல்ல வார்த்தை சொல்வது போலச் சொன்னாள். "இதுக்கு வெறி இல்லன்னு அன்னைக்கே சொன்னீக டாக்டரம்மா. கரெக்டாத்தான் சொல்லியிருக்கீக. சீனிக்கு எங்கனருந்து வந்துச்சோ, பாவம். அதோட ஆயுசு, ஹயாத்து அவ்வளவுதான்."

பாண்டியம்மா கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் அந்த வீக்கத்தைப் பற்றி அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு ஊசியை எடுக்கப் போனேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சந்தேகம் இல்லாத நாளில்தான் கூண்டு வேண்டும். சந்தேகம் வந்த பிறகு அதில் அடைக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. கூண்டு பின்னறையில் இருக்கிறது, தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். பாண்டியம்மா சொன்னால் கேளுங்கள்.

ஆமினா குழந்தைக்குத் தடுப்பூசி போட மருந்தகத் தெரு வழியாகத்தான் போவாள். என் பலகையைக் கண்டதும் உள்ளே எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கீகளா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் மாற்றல் கேட்டேன். பலகையை நானே கழற்றிவிட்டேன். ஆணி அப்படியே இருக்கிறது.